இரண்டு வருஷப் பிறப்பு

பங்குனி மாதத்தில் வேம்பு பூக்கத் தொடங்கிவிட்டால், சேலம் நாமக்கல் சமவெளிகளில் ஒரு விநோதத்தைக் காணலாம். ஒரே தெருவில், ஒரே கிணற்று நீரை உண்டு வாழும் ஜனங்களில் ஒரு பகுதியார், புது வருஷம் பிறந்துவிட்டதென்று வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவார்கள். எதிர் வரிசையில் உள்ளவர்களோ அன்று வழக்கம்போல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சில நாட்கள் சென்றபின் தாங்களும் தோரணம் கட்டுவார்கள். முன்னவர்க்கு யுகாதி, பின்னவர்க்குச் சித்திரை முதல் நாள். இவ்விரண்டையும் கொண்டாடும் மூன்றாவது வகையினரும் உண்டு. அவ்வகையைச் சேர்ந்தவன் நான்.

ராசிபுரம் தாலுகாவில் ஒரு நெசவாளர் தெருவில் பிறந்தேன். வீட்டில் பேசுவது தெலுங்கு. வீதியில் பேசுவதும், பள்ளியில் படித்ததும், இன்று எழுதுவதும் தமிழ். தந்தையை ‘நாயனா’ என்றும், பாட்டியை ‘அவ்வா’ என்றும் அழைத்து வளர்ந்தோம். பக்கத்துத் தெருவில் கன்னடம் பேசும் தேவாங்கர் வீடுகளில் ‘அவ்வா’ என்றால் தாய். ஆகவே அந்த வீட்டுப் பிள்ளை “அவ்வா கூப்பிடுகிறாள்” என்று ஓடும்போது, எங்களில் யாருடைய பாட்டியோ கூப்பிடுகிறாள் என்று நாங்களும் ஓடிய நாட்கள் பல. பாஷைகள் பல வழங்கும் ஊரில் குழந்தைகளுக்கு நேரும் குழப்பங்கள் இத்தகையனவே. பெரியவர்களுக்கு நேரும் குழப்பங்கள் இவ்வளவு இலேசானவை அல்ல. அவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

வந்த வழி

எங்கள் முன்னோர் எப்பொழுது இங்கே வந்தார்கள்? அவ்வா சொல்லும் கதைக்கு வருஷக் கணக்குக் கிடையாது. துங்கபத்திரைக்கு அப்பாலிருந்து, தறிச் சாமான்களைத் தோளில் சுமந்துகொண்டு, குலதெய்வமான சௌடேஸ்வரியின் சிலம்பொலி பின்னால் கேட்கக் கேட்க நடந்தார்களாம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. எந்த இடத்தில் ஒருவன் பொறுக்கமாட்டாமல் திரும்பிப் பார்த்தானோ, அந்த இடத்தில் ஒலி நின்றது; அதுவே எங்கள் ஊர். சரித்திரம் இதையே வேறு விதமாகச் சொல்லுகிறது. விஜயநகர ஆட்சி தெற்கே பரவிய காலத்திலும், 1565-இல் தலைக்கோட்டைப் போரில் அந்த ராஜ்யம் சிதைந்த பின்னரும், நாயக்க மன்னர்களின் காலத்திலும், தெலுங்கும் கன்னடமும் பேசிய குடிகள் அலையலையாகத் தமிழகத்தில் குடியேறினார்கள். போருக்குப் பயந்து வந்தவர் சிலர். துணி விற்கும் சந்தையைத் தேடி வந்தவர் பலர். அப்பால் சேலம் சீமை மைசூரின் கைக்குப் போயிற்று. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்கு வந்தது. ஆளுவோர் மாறினார்கள். நெசவாளனின் குழித்தறி மாறவில்லை; அவன் வீட்டில் பேசிய பாஷையும் மாறவில்லை.

இங்கனம் வந்தவர்கள் இந்த மண்ணுக்கு அந்நியராக நின்றுவிடவில்லை. ராசிபுரத்தில் 1887-ஆம் ஆண்டு தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு ‘தமிழ்நாடு’ என்ற பத்திரிகையை நடத்தித் தமிழிலே தேச பக்தியை ஊட்டினார். வீட்டுப் பாஷை ஒன்றாயிருக்க, நாட்டுக்குத் தொண்டு செய்த பாஷை மற்றொன்றாயிருந்தது. அதனால் அவருடைய தமிழுக்கு என்ன குறை வந்தது? சேலம் நகரத்து சௌராஷ்டிரர்களும் இப்படியே. அவர்களுடைய வீட்டுப் பேச்சு கூர்ஜர தேசத்தில் பிறந்து, வழியெல்லாம் தெலுங்கையும் கன்னடத்தையும் தமிழையும் சேர்த்துக்கொண்டு வந்தது.

யுகாதி நாள்

இனி எங்கள் வீட்டுப் பண்டிகையைச் சொல்லுகிறேன். பங்குனி அமாவாசைக்கு மறுநாள் பிரதமை திதியே யுகாதி. சந்திரனை ஒட்டிய கணக்காதலால் அது ஆண்டுதோறும் நகரும். சித்திரை முதல் நாளோ சூரியன் மேஷ ராசியில் புகுவதை ஒட்டியது; ஆகவே ஏப்ரல் 14-ஐ விட்டு அதிகம் அசையாது. 2024-இல் யுகாதி ஏப்ரல் 9. சித்திரைக்கு ஐந்தே நாள் முந்தியது. 2025-இல் மார்ச் 30. பதினைந்து நாள் முந்தியது. ஆனால் பிறந்த வருஷத்தின் பெயர் இரண்டு கணக்கிலும் ஒன்றே. 2024-இல் இருவருக்கும் குரோதி. 2025-இல் இருவருக்கும் விசுவாவசு. பிரபவ முதல் அக்ஷய வரையில் உள்ள அறுபது பெயர்களும் இரு திறத்தாருக்கும் பொது. வாசற்படி வேறாயினும் புகும் வீடு ஒன்றே என்று இதைப் பற்றி நாயனா சொல்லுவார்.

அமாவாசையன்று தறி நிற்கும். நெசவாளருக்கு அது மாதாந்தர ஓய்வு நாள். யுகாதிக்கு முந்திய அமாவாசையில் மட்டும் ஓய்வு கிடையாது. தறிக்குழியைப் பெருக்கி, பஞ்சுத் தூசியை வாரி, நாடாவைத் துடைத்து எண்ணெயிட்டு வைக்கவேண்டும். பெண்டிர் வீடு முழுவதும் மெழுகிக் கோலமிடுவார்கள். மறுநாள் விடியுமுன் எண்ணெய் ஸ்நானம். தலையிலிருந்து சீயக்காய் நீர் கண்ணில் வழிய நாங்கள் அலறுவதே தெருவுக்கு யுகாதி பிறந்ததன் அறிகுறி. நாள் முழுதும் பிறருக்குத் துணி நெய்யும் வீட்டில் பிள்ளைகளுக்குப் புதுத் துணி கிடைக்கும் நாட்கள் ஆண்டுக்கு இரண்டு. அதில் இது ஒன்று.

பிறகு பச்சடி. வேப்பம்பூ, புது வெல்லம், புளி, மாங்காய், உப்பு, மிளகாய் ஆகிய ஆறும் சேர்ந்தது. கைப்பும் இனிப்பும் புளிப்பும் துவர்ப்பும் உவர்ப்பும் காரமுமாக வரும் வருஷம் எதைத் தந்தாலும் ஏற்கவேண்டும் என்பது அதன் தாத்பரியம். வேப்பம்பூவை விலக்கிவிட்டு வெல்லத்தை மட்டும் நக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்த்து அவ்வா, “சேது தினகுண்டே தீபி தெலியது” என்பாள். கைப்பைத் தின்னாதவனுக்கு இனிப்புத் தெரியாது என்று பொருள். முதற் கரண்டி பூஜை மாடத்துக்கு; அடுத்தது தறிக்கு. ஒரு வேப்பம்பூவை எடுத்துத் தறிமரத்தில் ஒட்டுவாள். அது காய்ந்து உதிரும் வரையில் யாரும் துடைக்கமாட்டோம்.

மத்தியானம் பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்துத் தட்டிய போளி. இதைக் கன்னடத்தார் ஒப்பட்டு என்பர். இன்று சேலம் கொங்குப் பக்கங்களில் கன்னடம் ஓர் எழுத்தும் அறியாத தமிழ்க் குடும்பத்தாரும் ‘ஒப்பிட்டு’ என்றே சொல்லுகிறார்கள். வந்தவர்கள் தந்த பெயரை இருந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மாலையில் புரோகிதர் புதுப் பஞ்சாங்கம் வாசிப்பார். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்தையும் விட்டு, மழை எப்படி, நூல் விலை எப்படி என்றே எல்லோரும் கேட்பார்கள். மறுநாள் மாலை கன்னட வீட்டார் மேற்கே மூன்றாம் பிறை போன்ற கீற்றுச் சந்திரனைத் தேடிக் கண்டு, பெரியவர்களை வணங்குவார்கள். நாங்களும் அவர்களோடு மேட்டில் ஏறி நின்று பார்த்ததுண்டு.

பச்சடிக்கு வேண்டிய பொருள்களை நினைத்துப் பாருங்கள். வேப்பம்பூ எங்கள் புழைக்கடை மரத்தது. மாங்காய் சேலத்துத் தோப்பினது. வெல்லம் காவிரிக் கரையில் பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கரும்பாலையில் காய்ச்சி, பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வந்தது. பண்டிகை துங்கபத்திரைக் கரையினின்றும் வந்தது. பண்டமோ இந்த மண்ணில் விளைந்தது. பத்து நாள் சென்றபின் எதிர்வீட்டாரின் சித்திரைப் பச்சடி எங்கள் வீட்டுக்கு வரும். அதிலும் வேப்பம்பூ, அதிலும் மாங்காய், அதிலும் வெல்லம்.

அவ்வா 1914-ஆம் ஆண்டு பிறந்தவள். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியதும், கதர் நூல் வந்ததும் அவளுக்கு நேற்று நடந்தவை போன்றவை. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, ராஜாஜியின் மந்திரி சபை மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவில்தான் முதன்முதல் அமல் செய்தது. அதற்கடுத்து வந்த யுகாதியே தெருவில் கள் வாடை வீசாத முதல் யுகாதி என்று அவள் சொல்லுவாள். அன்று கூலிப்பணம் முழுதும் வீடு வந்து சேர்ந்ததாம். தேச சரித்திரம் எழுதுவோர் சட்டத்தின் தேதியைக் குறிப்பார்கள். எங்கள் வீட்டுச் சரித்திரம் அவ்வருஷம் ஒப்பிட்டு எத்தனை சுட்டார்கள் என்பதைக் குறித்து வைத்தது.

வெல்லம் கேட்ட கதை

இப்பொழுது சொல்லப்போவது மகிழ்ச்சியான சமாசாரமன்று. 1994-இல் பவ வருஷம் பிறந்தது. அவ்வாவுக்கு எண்பது வயது. ஞாபகம் தளர்ந்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் வீதியில் பேசிய தமிழ் முழுவதும் அவளை விட்டு நீங்கிற்று. பிறந்த வீட்டுத் தெலுங்கு ஒன்றே மிஞ்சியது. வைத்தியர்கள், முதுமையில் இப்படி நேர்வதுண்டு என்றார்கள்.

யுகாதி காலையில் அவள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “பெல்லமு, பெல்லமு” என்று கேட்டாள். வீட்டில் பெரியவர்கள் யாரும் அச்சமயம் இல்லை. பிள்ளைகள் இருந்தார்கள். என்னுடைய இரு குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவள் தள்ளிவிட்டாள். விசிறி கொண்டுவந்தார்கள், கண் கலங்கினாள். “பெல்லமு” என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பச்சடிக்கு வேப்பம்பூவை ஆய்ந்து மடியில் வைத்துக்கொண்டு, வெல்லம் வராமல் அந்தக் கிழவி அழுதுகொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு அம்மாள் செங்குந்த முதலியார் குடும்பத்தவர். வீட்டில் தமிழன்றி வேறு பேச்சு அறியாதவர். நாற்பது ஆண்டுகள் அவ்வாவோடு திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றியவர். அழுகுரல் கேட்டு வந்தார். உடனே தம் வீட்டுக்குத் திரும்பி ஓர் அச்சு வெல்லம் எடுத்துவந்து, “இந்தாங்கக்கா பெல்லமு” என்று கையில் கொடுத்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, “வெல்லம் கேக்கிறாங்க, கண்ணு. உங்க அவ்வா பேச்சு உங்களுக்கே தெரியலையா?” என்றார்.

வீடு திரும்பிய நான் இதைக் கேட்டேன். வெட்கத்தால் என் தலை குனிந்தது. குழந்தைகள் மேல் குற்றமில்லை. அவர்களோடு வீட்டில் தமிழும், தமிழினும் அதிகமாக ஆங்கிலமும் பேசியவன் நான். தெலுங்கு எதற்கு, அதனால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று எண்ணியவன் நான். அந்த எண்ணத்தின் பயனாக, எண்பது வயதுக் கிழவி தன் சொந்த வீட்டில் அந்நிய தேசத்தவள் ஆனாள். அடுத்த யுகாதிக்கு அவள் இல்லை.

நின்றுபோன தறி

பாஷையை நான் கைவிட்டேன். பண்டிகையைக் காலம் கைவிட்டது. எங்கள் தெருவில் குழித்தறிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறிகளின் ஓசை பெருகியது. கைத்தறி நெசவாளனுக்குத் தறி வீட்டில் இருந்தது. நிறுத்துவதும் ஓட்டுவதும் அவன் இஷ்டம். விசைத்தறிக் கூலியாளுக்கோ தறி வேறொருவர் கொட்டகையில் இருக்கிறது. ஓட்டிய மீட்டருக்குக் கூலி. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சோறு குறைவு. தெலுங்கு வருஷப் பிறப்பு அரசாங்க விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்குவோர் அன்று வீட்டில் இருப்பர். யாருடைய பண்டிகையோ அவனே அன்று தறியடியில் நிற்பான். தெலுங்கு அழிவதற்குத் தமிழ் காரணம் என்று கூறுவோர், இந்தக் கொட்டகைகளுள் ஒருமுறை நுழைந்து பார்க்கட்டும். அவ்வாவின் யுகாதியை விழுங்கியது எதிர்வீட்டாரின் சித்திரை அன்று. தினக் கூலியின் நெருக்கடியே.

இரு வகை உபதேசம்

எங்களைப் போன்றோர்க்கு இரண்டு வகையான உபதேசங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. முதல் வகையார், “இந்த நாட்டில் வாழ்வோர் வீட்டிலும் தமிழே பேசவேண்டும், யுகாதி எதற்கு? இல்லையேல் நீங்கள் வந்தேறிகள்” என்கிறார்கள். இரண்டாம் வகையார், “நாம் வேறு, அவர்கள் வேறு, தனியே சங்கம் கூட்டி, தனியே நிற்போம்” என்கிறார்கள். முன்னவர் வரதராஜுலு நாயுடுவை மறந்தவர்கள். பின்னவர் எதிர்வீட்டு அம்மாளை மறந்தவர்கள்.

ஆந்திர நாடு பொட்டி ஸ்ரீராமுலு 1952-இல் உயிர்த்தியாகம் செய்ததன் பின் 1953-இல் பிறந்தது. 1956-இல் மொழிவழி மாகாணங்கள் அமைந்தன. அது நியாயமே, ராஜ்ய நிர்வாகம் ஜனங்களின் பாஷையில் நடக்கவேண்டும். ஆயின் எந்த எல்லைக்கோட்டை எப்படிப் போட்டாலும் இரு பக்கத்திலும் சிலர் மிஞ்சுவர். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் ஆறு பேர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கூறினார்கள். தமிழைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் ஆட்சேபிப்பவனல்லன். தமிழ் அறியாத தெலுங்கன் இங்கே தன் உரிமையைக் கேட்கவும் வாயற்றவன் ஆவான். ஆனால் பள்ளியில் தமிழ் கற்பதற்கு வீட்டில் தெலுங்கை மறக்கவேண்டுமென்ற அவசியம் எங்கிருந்து வந்தது? எங்கள் நாயனா கணக்கைத் தமிழில் எழுதுவார். பாவு நூலை ‘ஒகடி, ரெண்டு, மூடு’ என்று தெலுங்கில் எண்ணுவார். இரண்டிலும் ஒருநாளும் பிழை வந்ததில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விஷயமன்று. ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள பின்லாந்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் சுமார் மூன்று லட்சம் பேர் அமெரிக்காவுக்குக் குடிபோனார்கள். மிச்சிகன், மின்னசோட்டா மாகாணங்களில் சுரங்கங்களிலும் காடுகளிலும் உழைத்தவர்கள் அவர்கள். நீண்ட பனிக்காலம் நீங்கியதும் மே மாதம் முதல் தேதி அவர்கள் நாட்டில் ‘வப்பு’ என்ற வசந்தப் பண்டிகை. எலுமிச்சம் பழம், சர்க்கரை, சிறிது நுரைமம் சேர்த்து ஒரு பானம் செய்வார்கள். ‘சிமா’ என்று பெயர். புட்டியில் போட்ட உலர்ந்த திராட்சை அடியிலிருந்து மேலே மிதந்து வந்தால் பானம் பதமாயிற்று என்று அறியலாம். வெளி நாட்டுக்குப் போன குடும்பங்களில் தலைமுறைகள் மாற மாறப் பாஷை மெலிகிறது. பாட்டி செய்த பண்டத்தின் ருசி மட்டும் நாவில் நெடுநாள் நிற்கிறது. இலங்கை, மலேயா, தென்னாப்பிரிக்கா ஆகிய தேசங்களுக்குத் தோட்ட வேலைக்கென்று போன நம் தமிழர் குடும்பங்களின் சரித்திரமும் இதுவே. டர்பனில் தமிழ்ப் பேச்சை மறந்த பேரன் சித்திரை நாளில் பச்சடி உண்கிறான் என்று கேட்டால் நாம் பூரித்துப் போகிறோம். அவனுக்காக உருகும் நெஞ்சம், ராசிபுரத்தில் ‘பெல்லமு’ என்று கேட்டவளுக்காகவும் உருகவேண்டாமா?

2008-இல் தமிழ் வருஷப் பிறப்பைத் தை மாதத்துக்கு மாற்றி ஒரு சட்டம் வந்தது. 2011-இல் அது ரத்தாயிற்று. இடைப்பட்ட நாட்களில் எங்கள் வீட்டில் வருஷம் மூன்று தடவை பிறந்தது. குழந்தைகள் மூன்று விருந்தையும் மறுக்கவில்லை. பண்டிகைகள் அதிகமாயின என்று எந்தக் குடும்பமும் கெட்டதில்லை.

செய்யத்தக்கவை

நேயர்களில் பலர் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள். அவர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, உங்கள் வீட்டில் வேறு பாஷை பேசும் முதியோர் இருந்தால், அவர்கள் சொல்லும் கதைகளையும், தறிக்கும் ஏருக்கும் அடுப்புக்கும் உரிய சொற்களையும் இன்றே எழுதி வையுங்கள். எழுத்து எதுவாயினும் பாதகமில்லை. தமிழ் எழுத்தே போதும். பாவைப் ‘படுகு’ என்றும், ஊடையைப் ‘பேக’ என்றும் சொன்ன கடைசி மனிதர் போய்விட்டால், அச்சொற்களைத் திருப்பிக் கொடுப்பவர் யாருமில்லை. இரண்டாவது, விசைத்தறிக் கொட்டகைகளில் உழைப்போருக்கு அவரவர் வருஷப் பிறப்பில் கூலியோடு கூடிய ஓய்வு கிடைக்கப் பாடுபடுங்கள். கூலி இல்லாத விடுமுறை ஏழைக்குப் பண்டிகையாகாது, பட்டினியாகும். மூன்றாவது, எதிர்வீட்டுப் பச்சடியை நிறுத்திவிடாதீர்கள். அது வரும் வரையில் இந்த நாட்டின் ஒற்றுமைக்கு அபாயமில்லை.

நான் பள்ளியில் சேர்ந்தபோது, ரிஜிஸ்டரில் ‘தாய்மொழி’ என்ற இடத்தில் எதை எழுதுவது என்று குமாஸ்தா கேட்டார். “தெலுங்கு” என்றார் நாயனா. “எதற்கு வீண் தொல்லை? தமிழ் என்றே போட்டுவிடலாமே” என்றார் குமாஸ்தா. நாயனா சற்று யோசித்தார். பிறகு, “படிக்கப் போவது தமிழ்தானே, ஐயா! அவனைத் தாலாட்டிய பாஷையை மட்டும் உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். அவ்வாறே எழுதப்பட்டது.

அடுத்த ஜனத்தொகைக் கணக்குக்காரர் என் பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கு வந்து அதே கேள்வியைக் கேட்பார். அவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று நான் அறியேன். அவர்களைத் தாலாட்டிய பாஷை எது என்பதற்கு நானே பொறுப்பாளி. ஆயினும் அவ்வா மறைந்தபின் வந்த ஒவ்வொரு யுகாதியிலும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் நடந்துவருகிறது. பச்சடிக்கு உரிய ஆறு பொருள்களையும் தட்டில் வைத்து, குழந்தைகள் ஒவ்வொன்றின் பெயரையும் தெலுங்கில் சொன்ன பிறகே கலப்போம். இப்பொழுது பேரப்பிள்ளைகள் சொல்லுகிறார்கள். வேப்பம்பூவில் தடுமாறுவார்கள், புளியில் தடுமாறுவார்கள். வெல்லத்தின் பெயரை மட்டும் ஒருவரும் மறப்பதில்லை.